240 பெட்டி பிணைச்சலும் நான் எழுதிய ஒற்றை வரியும்

கடந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழும்பு, பழைய சோனகத் தெருவில் இரும்புச்சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றின் முன்னால் சிறிய லொறி ஒன்று வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் உள்ளே பெட்டி பெட்டியாக 3 அங்குலக் கதவுப் பிணைச்சல். இறக்கத் தொடங்கிய நாட்டாமிமார் ஐம்பது பெட்டி தாண்டியதும் நிறுத்திவிட்டார்கள். "இன்னும் நிறைய இருக்கு முதலாளி, எங்க அடுக்குறது?" என்று கேட்டார்கள்.

முதலாளி பில்லை வாங்கிப் பார்த்தார். 240 பெட்டி. 489,600 ரூபா.

அவருக்குத் தேவைப்பட்டது 20 டசின் பிணைச்சல், அதாவது 240 துண்டு. அந்த வகை ஒரு பெட்டியில் 24 துண்டு வரும். ஆகவே வந்திருக்க வேண்டியது பத்தே பத்துப் பெட்டி, 20,400 ரூபாவுக்கு. கட்டளையை அனுப்பியது கடையில் புதிதாகப் பொருத்தியிருந்த செயற்கை நுண்ணறிவு முகவர். அந்த முகவர் படித்து நடக்க வேண்டிய விளக்கக் குறிப்பை எழுதியது அடியேன்.

வாசகர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் பதினெட்டு வருடம் கணக்கெழுதியவன் நான். பின்னர் எனது சகோதரியின் மகன் கடைகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருள் செய்யத் தொடங்கியபோது, அதனைப் பாவிக்கும் முறையை எழுதிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று கடைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எழுதுவேன். அது எனக்குப் பழகிப்போன வேலை. மருமகன் அதே மென்பொருளில் முகவரையும் சேர்த்தபோது, அதற்கும் நானே எழுதினேன். மனிதனுக்கு எழுதுவதைப் போலத்தானே இதுவும் என்று நினைத்தேன்.

முகவர் என்றதும் எமது வியாபாரிகளுக்குக் கம்பனி ஏஜன்ட்தான் ஞாபகத்துக்கு வருவார். இது வேறு. கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும் கணனி உரையாடியை இப்போது அநேகர் அறிந்திருப்பார்கள். முகவர் என்பது அதற்கு அடுத்த படி. வட்ஸ்அப்பில் "3 அங்குலப் பிணைச்சல் 20 டசின் எடுக்க வேணும்" என்று முதலாளி எழுதினால், அது தானே இருப்பைப் பார்க்கும், வழங்குநரின் விலையைப் பார்க்கும், கட்டளையைத் தயாரிக்கும், அனுப்பியும் விடும். இந்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'கருவி' உண்டு. இருப்புப் பார்க்க ஒன்று, வாடிக்கையாளரைத் தேட ஒன்று, கட்டளை அனுப்ப ஒன்று. முகவர் நேரடியாக எமது கணக்குப் புத்தகத்தில் கை வைப்பதில்லை. "இந்தக் கருவியை, இந்த விபரங்களுடன் இயக்கு" என்று எழுதிக் கொடுக்கும். மென்பொருள் அதனை நிறைவேற்றி விடையைத் திருப்பிக் கொடுக்கும். அதைப் படித்துவிட்டு அடுத்தது என்ன என்று முகவர் தீர்மானிக்கும்.

2023 ஜூனில் ஓபன்ஏஐ நிறுவனம் தனது மொழி மாதிரிகள் இவ்வாறு வெளி மென்பொருட்களை அழைக்கும் வசதியை மென்பொருளாளர்களுக்குத் திறந்து விட்டது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டகோல்' என்ற பொது ஒழுங்குமுறையை வெளியிட்டது. 2025இல் ஓபன்ஏஐ, கூகுள் ஆகியனவும் அதனை ஏற்றுக்கொண்டன. எமது வீடுகளில் வட்ட முனை, சதுர முனை என்று பிளக்குகளால் பட்ட அவஸ்தை எல்லோருக்கும் தெரியும். அப்படி இல்லாமல் எந்த முகவரையும் எந்தக் கருவியுடனும் பொருத்தலாம் என்பதே அந்த ஒழுங்குமுறையின் பயன். இதனால்தான் பெரிய கம்பனிகளின் விடயமாக இருந்த ஒன்று பழைய சோனகத் தெரு வரை வந்து சேர்ந்தது.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

லொறி வந்த அன்று பின்னேரம் மருமகனும் நானும் முகவரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அது செய்தது அத்தனையும் வரி வரியாக இருந்தது. 20 டசின் என்றால் 20 × 12 = 240 என்று சரியாகவே கணக்கிட்டிருந்தது. பின்னர் கட்டளைக் கருவியின் 'அளவு' என்ற கட்டத்தில் 240 என்று இட்டிருந்தது. வழங்குநரின் கணனியோ அந்தக் கட்டத்தைப் பெட்டிக் கணக்காக எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டத்துக்கு நான் எழுதியிருந்த விளக்கம் இவ்வளவுதான்: "பொருளின் அளவு."

"மாமா, இது மெஷின் பிழை இல்லையே" என்றார் மருமகன். எனக்கு அது ஏற்கெனவே விளங்கியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. கடைப் பிள்ளைகளுக்காக எழுதிய பழைய கையேட்டிலும் இதே இரண்டு சொற்களைத்தான் எழுதியிருந்தேன். ஆறு வருடமாக அந்தக் கையேடு பாவனையில் இருந்தது. ஒரு தரமாவது இப்படி நடந்ததில்லை. காரணம், அந்தக் கட்டத்தை நிரப்பிய ஒவ்வொருவருக்கும் அது பெட்டிக் கணக்கு என்று ஏற்கெனவே தெரியும். கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்திருப்பார். கையேட்டில் இருந்த ஓட்டையைக் கடையில் இருந்த மனிதர்கள் தினமும் அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் எழுதியது தெளிவாக இருக்கிறது என்று இவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முகவருக்கு அந்த முதல் வாரம் கிடையாது. அது கடையைக் கண்டதில்லை, பெட்டியைத் தூக்கிப் பார்த்ததில்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், நிரப்ப வேண்டிய கட்டங்கள், அந்தக் கட்டங்களுக்கு எழுதிய சில சொற்கள் ஆகியவைதான் ஒரு கருவியைப் பற்றி அதற்குத் தெரிந்த முழு உலகமும். நேற்று நடந்ததையும், நாமாக எழுதி வைத்துக் கொடுத்தால் ஒழிய, இன்று அது அறியாது. ஒவ்வொரு நாளும் முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளையைப் போன்றது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தயக்கம் கிடையாது. புதுப் பிள்ளை 240 பெட்டி என்று எழுதும்போது கை நடுங்கி, "இவ்வளவா நானா?" என்று பக்கத்தில் உள்ளவரைக் கேட்கும். கேள் என்று எழுதியிராவிட்டால் இது பெரும்பாலும் கேட்பதில்லை.

வழங்குநரிடம் முதலாளி பேசினார். "கட்டளை உங்கட கடையில இருந்து வந்தது. மனுசன் அனுப்பினானா மெஷின் அனுப்பிச்சா என்றது எனக்குத் தேவையில்ல" என்று அவர் சொல்லிவிட்டார். கோபம் வந்தாலும் நியாயம் அவர் பக்கம்தான். 2024 பெப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா சிவில் தீர்ப்பாயமும் ஏறக்குறைய இதையே சொன்னது. எயார் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த உரையாடி, குடும்பத்தில் மரணம் ஏற்பட்டால் வழங்கும் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பின்னரும் கோரலாம் என்று ஒரு பயணியிடம் பிழையாகச் சொல்லிவிட்டது. அந்த உரையாடி தனியான ஒரு சட்ட ஆள், அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்ற தோரணையில் நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதனை ஏற்கவில்லை. சுமார் 812 கனடிய டொலரைச் செலுத்தும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது. ஆனால் "இயந்திரம் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை" என்ற கதை எடுபடாது என்பது அதில் தெளிவாகியது.

பல தவணை பேசிய பின் வழங்குநர் 180 பெட்டியைத் திருப்பி எடுத்தார், ஐந்து சதவீதக் கழிவுடன். 18,360 ரூபாவும் லொறிக் கூலியும் நட்டம். மிகுதி 60 பெட்டியில் தேவைப்பட்ட பத்துப் போக ஐம்பது பெட்டி களஞ்சியத்தின் மேல்தட்டில் ஏறியது. பிற்திகதியிட்ட காசோலையை மாற்றி எழுத வேண்டியும் வந்தது. காசோலையை மாற்றுவது எமது வியாபாரத்தில் என்ன பெயரைக் கொடுக்கும் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அலகு எழுதாமல் விட்டதால் நட்டப்பட்டவர்களில் நாம் சிறியவர்கள் என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. 1999 செப்டெம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவின் நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஓபிட்டர் விண்கலம் இல்லாமல் போனது. ஒரு மென்பொருள் உந்துதலைப் பழைய இறாத்தல் கணக்கில் எழுதியது. அதை வாங்கிய மென்பொருள் மெற்றிக் கணக்காக எடுத்துக்கொண்டது. சுமார் 125 மில்லியன் டொலர் பெறுமதியான கலம். அங்கு எழுத்திலான விதியில் மெற்றிக் அலகுதான் சொல்லப்பட்டிருந்தது, ஒரு பக்கத்தார் அதன்படி நடக்கவில்லை. எமது கடையில் எழுதியே இருக்கவில்லை.

கணக்கப்பிள்ளையின் இரண்டு நாட்கள்

குறிப்பைத் திருத்தி எழுதுவதென்று தீர்மானித்தோம். இப்படியான வேலையில் மென்பொருளாளர்கள் வழக்கமாகச் செய்வது, தாமே மேசையில் இருந்து தமக்குத் தெரிந்ததை எழுதுவது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். இம்முறை கடையின் கணக்கப்பிள்ளையோடு போய் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் அந்தக் கடையில் இருப்பவர், என்னிலும் மூத்தவர்.

"நானா, பெட்டி என்றால் எத்தனை?" என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். எந்தப் பெட்டி என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னவை நான்கு பக்கம் வந்தன. ஒரு கம்பனியின் பிணைச்சல் பெட்டிக்கு 24 துண்டு. இன்னொரு கம்பனி ஜோடிக் கணக்கில் போடும், பெட்டிக்குப் பத்து ஜோடி. சிறிய ஆமைப்பூட்டு டசின், பெரியது அரை டசின். இஸ்குருப்பாணி முன்னர் பெட்டிக்கு ஒரு கிரோஸ், 144. இப்போது வரும் சரக்கில் 100தான் இருக்கும். ஆனால் கிராமத்துக் கடைக்காரர் இன்னும் "ஒரு கிரோஸ்" என்றே கேட்பார், 100 உள்ள பெட்டியைக் கொடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் லொறி வரச் சொல்லக் கூடாது, கடை பூட்டியிருக்கும். மலையகத்துக்கு அனுப்பும் சாமானை லொறிக்குப் பகல் இரண்டு மணிக்கு முன் கட்டிவிட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட எந்தக் கணனியிலும் இல்லை.

இரண்டாம் நாள் அவர் கொஞ்சம் குறைவாகப் பேசினார். தேநீர் வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, பிறகு எனக்கு இங்க என்ன வேல?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுமையான பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதலாளியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, முகவர் தயாரிக்கும் ஒவ்வொரு கட்டளையையும் இனிமேல் கணக்கப்பிள்ளை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பயத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா தெரியாது. கணக்கப்பிள்ளை அடுத்த நாள் தானாகவே இன்னும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

எழுதியதைக் குறைத்த கதை

நான் எழுதிய புதிய விளக்கம் நீளமானது. வாடிக்கையாளர் டசின் என்றால் இப்படிப் பெருக்கு, ஜோடி என்றால் இப்படிப் பெருக்கு, பின்னர் பொருள் பதிவிலுள்ள எண்ணால் வகுத்துப் பெட்டியாக்கு, மிச்சம் வந்தால் கேள் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மருமகன் படித்துவிட்டு, "மாமா, இந்தக் கணக்க எல்லாம் ஏன் அதைச் செய்யச் சொல்றீங்க? நான் மென்பொருளிலேயே செஞ்சு விடுறேனே" என்றார்.

அதன்படி கட்டம் இரண்டானது. ஒன்றில் எண். மற்றதில் அலகு: துண்டு, ஜோடி, டசின், கிரோஸ், பெட்டி ஆகிய ஐந்தில் ஒன்று மட்டுமே செல்லும். முதலாளி சொன்னதை அப்படியே இட்டால் போதும். பெட்டியாக மாற்றுவது மென்பொருளின் வேலை. ஒரு பெட்டியில் எத்தனை என்பது பொருள் பதிவில் இருக்கும், விளக்கத்தில் இருக்காது. எனது அரைப் பக்கம் மூன்று வரியாகச் சுருங்கியது. கொஞ்சம் வலித்தது, ஆனால் அவர் சொன்னது சரி. பிழை விடக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, பிழை விடுவதற்கு இடமில்லாதபடி கட்டத்தை அமைப்பது மேல்.

இதே அனுபவத்தைப் பெரிய நிறுவனங்களும் பதிவு செய்திருக்கின்றன. அந்த்ரோபிக் நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையொன்றில், மென்பொருள் பிழைகளைத் திருத்தும் முகவரொன்றை உருவாக்கியபோது அதற்கான பொதுவான அறிவுறுத்தலைவிடக் கருவிகளைச் சீர்செய்வதிலேயே அதிக நேரம் செலவானது என்று எழுதியது. அங்கு நடந்ததை எமது பாஷையில் சொல்வதானால்: "பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வா" என்று ஒருவரிடம் சொல்கிறோம். அவர் எமது கடையில் நிற்கும்வரை பிரச்சினையில்லை. மருதானைக்குப் போன பிறகு பக்கத்துக் கடை என்றால் எந்தக் கடை? கணனிக் கோப்புகளின் இருப்பிடத்தை முகவர் அப்படித்தான், நிற்கும் இடத்தை வைத்துக் குறிப்பிட்டுக் குழம்பியது. எப்போதும் முழு விலாசத்தையே கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தப் பிழை நின்றது. 2025 செப்டெம்பரில் அதே நிறுவனம் இன்னொன்றையும் சொன்னது. இணையத்தில் தேடும் கருவியைப் பயன்படுத்தும்போது அவர்களது மாதிரி தேவையில்லாமல் '2025' என்ற எண்ணையும் சேர்த்துத் தேடிக்கொண்டிருந்ததாம். கருவியின் விளக்கத்தைத் திருத்தியே அதைச் சரிசெய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கிய மூளை சில சொற்களால் தடுமாறுகிறது, சில சொற்களால் திருந்துகிறது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இணைத்திருக்கும் கருவிகளின் விளக்கங்கள் ஒவ்வொரு முறையும் முகவரின் முன்னால் வைக்கப்படும். வாசிக்கும் அளவுக்குத்தான் பில். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகமாகக் கணக்கில் ஏறும். ஆகவே விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்து, 'கிரோஸ்', 'டசின்', 'பிணைச்சல்' போன்ற எமது சொற்களை மட்டும் தமிழில் சேர்த்தோம். ஐம்பது கருவிகளைக் கொடுத்தால் எதை எடுப்பது என்று அதுவும் திணறும். எமது கடையில் முதலில் இருபத்திரண்டு இருந்தன, இப்போது ஒன்பது.

எந்த முஹம்மத்?

இரண்டாவது சம்பவத்தில் பணம் போகவில்லை, ஆனால் எனக்கு அதுதான் அதிக வெட்கத்தைத் தந்தது. பாக்கியை ஞாபகப்படுத்தும் செய்தி ஒன்றை முகவர் மாவனல்லைக் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அக்குறணையில் அதே பெயருடைய இன்னொருவருக்கு அனுப்பிவிட்டது. அவர் உடனே தொலைபேசி எடுத்தார். "உங்கட வாப்பாட காலத்தில இருந்து ஒரு சதம் பாக்கி வெச்சவன் இல்ல நான்" என்றார். முதலாளி நேரில் போய்த்தான் சமாதானம் செய்தார்.

எமது பெயர்களின் விடயம் தெரிந்ததே. முஹம்மத் என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். முன்னால் இரண்டு மூன்று முதலெழுத்து, அதில் ஒன்று எப்படியும் 'எம்'. ஒரே பெயரில் ஒரு கடைக்கு எட்டு வாடிக்கையாளர் இருப்பது புதுமையல்ல. கணக்கப்பிள்ளை ஊரையும் வாப்பாவின் பெயரையும் வைத்துப் பிரித்தறிவார். தேடும் கருவியோ பொருந்திய முதல் பெயரைத் தூக்கிக் கொடுத்தது. முகவர் அதையே நம்பியது.

இப்போது அந்தக் கருவி பொருந்தும் எல்லோரையும் கணக்கு இலக்கம், ஊர், தொலைபேசியின் கடைசி நான்கு எண்கள் ஆகியவற்றுடன் கொடுக்கிறது. செய்தி அனுப்பும் கருவி பெயரை ஏற்பதே இல்லை, கணக்கு இலக்கத்தை மட்டுமே ஏற்கும். "ஒருவருக்கு மேல் வந்தால் தெரிவு செய்யாதே, முதலாளியிடம் கேள்" என்று விளக்கத்தில் ஒரு வரி. கருவி எதற்கு என்று எழுதுவதோடு, எப்போது அதைத் தொடக் கூடாது என்றும் எழுத வேண்டும் என்பதை அந்த அக்குறணைக்காரரின் கோபத்தில்தான் படித்தேன்.

திகதிக்கும் இதே சிக்கல்தான். 03/04 என்று எழுதினால் எமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று மட்டுமே எழுத வேண்டும் என உதாரணத்துடன் குறித்துவிட்டோம். அதன்பின் தொல்லை இல்லை.

பிழைச் செய்தியும் விளக்கக் குறிப்பின் ஒரு பகுதி என்பதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. முன்னர் பிழை வந்தால் கருவி "பிழை 400" என்று மட்டும் சொல்லும். முகவர் அதே கோரிக்கையை மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, கடைசியில் முதலாளியிடம் ஏதோ ஒரு காரணத்தைக் கூறும். இப்போது "இந்தப் பொருளுக்கு வழங்குநர் ஏற்கும் ஆகக் குறைந்த அளவு 5 பெட்டி, நீங்கள் கேட்டது 3. அளவைக் கூட்டலாமா என்று முதலாளியிடம் கேட்கவும்" என்று வருகிறது. கோபக்கார மேலாளரின் கீழ் வேலை செய்த எவருக்கும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கும்.

மாறக் கூடியதை விளக்கத்தில் எழுதக் கூடாது. வற் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டில் மாத்திரம் ஜூனில் 8இலிருந்து 12 சதவீதமாகவும் செப்டெம்பரில் 15 ஆகவும் ஏறியது. 2024 ஜனவரியில் 18 ஆனது. "விலையில் 15 சதவீத வற் அடங்கும்" என்று எங்கோ ஒரு விளக்கத்தில் எழுதி மறந்திருந்தால், முகவர் அதையே வேதவாக்காகக் கொண்டு விலைமனு அனுப்பும். விலையைத் தரும் கருவி, வரி அடங்கிய விலையா அடங்காத விலையா என்பதையும் அன்றைய வீதத்தையும் விடையிலேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விளக்கக் குறிப்பு ஒரு பூட்டு அல்ல. "ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல் கட்டளை அனுப்பாதே" என்று எவ்வளவு அழகாக எழுதினாலும் ஒரு நாள் அது தவறலாம். அந்த எல்லையை மருமகன் மென்பொருளிலேயே போட்டுவிட்டார். கட்டளைக் கருவியையும் இரண்டாக்கினார். ஒன்று நகல் தயாரிக்கும், அனுப்பாது. மற்றது அனுப்பும், ஆனால் கணக்கப்பிள்ளையின் சம்மதம் இல்லாமல் இயங்காது. அதேபோல் யாரோ ஒருவர் இலவசமாகத் தரும் கருவியைக் கடையின் முகவரோடு இணைக்கும்போதும் கவனம் தேவை. அதன் விளக்கத்தையும் முகவர் நம்பித்தான் வாசிக்கிறது. அதற்குள் "வாடிக்கையாளர் பட்டியலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒரு வரி ஒளிந்திருந்தால்? அப்படியான தந்திரங்கள் உண்டு என்பதை 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

எழுதி முடிந்த பின் அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். கடைக்கு வந்த பழைய வட்ஸ்அப் செய்திகளில் இருபதை எடுத்தோம். எழுத்துப்பிழை, பாதித் தமிழ் பாதி ஆங்கிலம், அப்படியே. மாதிரிக் கணக்கொன்றில் முகவருக்குக் கொடுத்தோம். முதல் தடவை பதின்மூன்று சரி. பிழையானவை ஏழிலும் அது எங்கே வழி தவறியது என்று பதிவேட்டில் பார்த்து அந்தச் சொல்லை மாற்றினோம். மூன்றாம் தடவை பத்தொன்பது. மிஞ்சிய ஒன்று "வழமையான சாமான் அனுப்புங்க" என்று ஒருவர் எழுதியது. அது என்ன சாமான் என்று கணக்கப்பிள்ளையையே கேட்டோம். அவருக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

ஏதாவது கம்பனி உங்கள் கடைக்கு முகவர் பொருத்த வந்தால், திரையில் அது பேசும் அழகைப் பார்த்து மயங்காமல், கருவிகளின் விளக்கங்களை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். தந்தால், உங்கள் கடையில் நீண்ட காலம் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கணனி தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

போன வாரம் கணக்கப்பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பிணைச்சல் கம்பனி பெட்டியைச் சிறிதாக்கிவிட்டதாம், இனி 24 இல்லை, 20. விளக்கத்தை மாற்ற வேண்டுமே என்று நான் பதறினேன். "அதுக்கு நீங்க தேவையில்ல தம்பி" என்றார். பொருள் பதிவைத் திறந்து அந்த எண்ணை அவரே மாற்றியிருந்தார். மேல்தட்டில் இருக்கும் பழைய பெட்டிகளுக்கு வேறு பொருள் இலக்கமும் போட்டுவிட்டார். அவற்றில் இன்னும் முப்பத்தொன்று மிச்சம்.